விறைப்புக் கருவியும் மெடிகேர் காப்பீடும்

விறைப்புக் குறைபாட்டுக்கான வெற்றிடக் கருவி என்பது ஒரு பிளாஸ்டிக் குழல், ஒரு பம்பு, ஒரு இறுக்கு வளையம், அவ்வளவுதான். குழலுக்குள் இருக்கும் காற்றைப் பம்பு உறிஞ்சும்போது ஆணுறுப்புக்குள் ரத்தம் பாய்கிறது. அடியில் மாட்டும் வளையம் அதைத் திரும்பவிடாமல் நிறுத்துகிறது. அரை மணி நேரத்துக்கு மேல் வளையத்தை விட்டுவைக்கக் கூடாது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்கள், நீண்டகால நீரிழிவு நோயாளிகள், இதயத்துக்கு நைட்ரேட் மருந்து சாப்பிடுவதால் வயாகரா வகை மாத்திரைகளைத் தொடவே கூடாதவர்கள் ஆகியோருக்கு மருத்துவர்கள் இதைப் பரிந்துரைப்பதுண்டு. இந்த எளிய சாதனத்துக்கு யார் பணம் தருவது என்ற கேள்வி அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது.

கருவியைப் பரவலாக்கியவர் மருத்துவர் அல்லர். ஜார்ஜியா மாநிலம் அகஸ்டாவில் டயர் தொழில் நடத்திய கெடிங்ஸ் ஆஸ்பன், 1960-களில் தன் சொந்தத் தேவைக்காக இதைச் செய்துகொண்டார். மருத்துவ உலகம் நெடுநாள் ஏளனமாகவே பார்த்தது. 1982-இல்தான் உணவு, மருந்து நிர்வாகம் விற்பனைக்கு வழிவிட்டது.

65 வயதைத் தாண்டியோருக்கும் உடற்குறை உள்ளோர் பலருக்கும் அமெரிக்க அரசு நடத்தும் காப்பீடு மெடிகேர். அதன் சட்டத்தில், பழுதான உள்ளுறுப்பின் வேலையை ஈடுசெய்யும் சாதனம் செயற்கை உறுப்பு வகையில் அடங்கும். வெற்றிடக் கருவி அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைந்தது. மருத்துவர் சீட்டு எழுதித் தந்தால், ஆண்டுதோறும் நோயாளி முதலில் தானே கட்ட வேண்டிய தொகை போக, 80 சதவீதத்தை மெடிகேர் கொடுத்தது. மீதி 20 சதவீதம் நோயாளியின் கையிலிருந்து.

சிக்கல் கருவியில் இல்லை, விலையில் இருந்தது. அமெரிக்கச் சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2013 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, 2006 முதல் 2011 வரை மெடிகேர் இவற்றுக்காக 17 கோடி டாலருக்கு மேல் செலவழித்ததாகக் கணக்கிட்டது. முன்னாள் படைவீரர் துறை வாங்கிய விலையையும் இணையத்தில் பொதுமக்கள் கொடுத்த விலையையும் போல இரண்டு மடங்குக்கும் அதிகமாக மெடிகேர் கொடுத்துக்கொண்டிருந்தது. படைவீரர் துறையின் விலைக்கு இறங்கியிருந்தால் அரசுக்கு ஆண்டுக்குச் சுமார் 1.44 கோடி டாலரும், நோயாளிகளுக்குச் சுமார் 36 லட்சம் டாலரும் மிஞ்சியிருக்கும் என்றது அறிக்கை. அதாவது விலையைக் குறைக்கச் சொன்னது. நாடாளுமன்றமோ காப்பீட்டையே எடுத்துவிட்டது.

எடுத்த விதம் விசித்திரமானது. 2014 டிசம்பர் 19 அன்று குடியரசுத் தலைவர் ஒபாமா கையெழுத்திட்ட ஏபிள் சட்டம், இளவயதிலேயே உடற்குறைக்கு ஆளானவர்களுக்கு வரியில்லாச் சேமிப்புக் கணக்கு திறக்க வழி செய்தது. அந்தச் சலுகையின் செலவை எங்காவது ஈடுகட்ட வேண்டியிருந்தது. அதற்கான பிரிவுகளில் ஒன்றாக வெற்றிடக் கருவி பலியானது. 2015 ஜூலை 1 முதல் மெடிகேர் அதற்குப் பணம் தருவதில்லை. வேலை செய்யவில்லை என்றோ ஆபத்து என்றோ யாரும் சொல்லவில்லை. அரசியலில் அதற்காகப் பேச ஆள் இல்லை, அவ்வளவே.

காட்டப்பட்ட நியாயம், மாத்திரைகளுக்குள்ள விதியே கருவிக்கும் என்பது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டம் பாலியல் குற்றவாளிகள் சிலருக்கும் வயாகரா வாங்கித் தந்திருந்தது 2005-இல் நியூயார்க்கில் அம்பலமாகிப் பெரும் கூச்சல் எழுந்தது. அதே ஆண்டு வந்த சட்டம், விறைப்புக் குறைபாட்டு மாத்திரைகளை 2007 முதல் மெடிகேர் மருந்துத் திட்டத்திலிருந்து விலக்கியது.

ஆனால் அறுவை செய்து உள்ளே பொருத்தும் செயற்கை விறைப்பு உறுப்புக்கு மெடிகேர் இன்றும் பணம் தருகிறது. ஹூஸ்டனைச் சேர்ந்த சிறுநீரக அறுவை மருத்துவர் பிராண்ட்லி ஸ்காட் 1973-இல் அறிமுகப்படுத்திய, நீர் நிரப்பி விறைக்க வைக்கும் உறுப்பின் வழிவந்தவை இவை. அறுவை அரங்கு, மயக்க மருந்து எல்லாம் சேர்ந்தால் செலவு பல ஆயிரம் டாலர். சில நூறு டாலரில் முடியும் கருவிக்குக் கதவை மூடிவிட்டு, கத்தி வைத்தால் மட்டும் பணம் தருவோம் என்பது என்ன கணக்கோ! அதே ஸ்காட்டின் இன்னொரு கண்டுபிடிப்பு, புராஸ்டேட் அறுவைக்குப் பின் சிறுநீர் கசிவதைத் தடுக்கும் செயற்கைச் சுருக்குத்தசை. அதற்கும் மெடிகேர் தருகிறது. எவரும் முகம் சுளித்ததில்லை. மார்பகத்தை நீக்கிய பெண்களுக்கு மறுசீரமைப்பும் காப்பீட்டில் அடங்க வேண்டும் என்று 1998-இல் மத்தியச் சட்டமே வந்தது. புராஸ்டேட்டை இழந்த ஆண்களுக்கு அப்படியொரு சட்டம் இல்லை.

தனியார் காப்பீட்டில் ஒரே விதி கிடையாது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது மறுப்புக் கடிதத்தின் காரணம். பாலியல் குறைபாட்டுச் சிகிச்சை எதுவும் அடங்காது என்று ஒப்பந்தமே சொன்னால், மருத்துவர் எவ்வளவு எழுதிக் கொடுத்தாலும் பெரும்பாலும் பயனில்லை. ‘மருத்துவத் தேவை நிரூபிக்கப்படவில்லை’ என்பது காரணமானால் போராட இடமுண்டு: நோயின் மூலகாரணம், மாத்திரை பலிக்காத அல்லது கொடுக்கக் கூடாத நிலை, அறுவை அறிக்கை ஆகியவற்றுடன் 180 நாளுக்குள் நிறுவனத்திடமே மேல்முறையீடு செய்யலாம். அங்கும் மறுத்தால், 2010 சுகாதாரச் சட்டத்தின்படி வெளி ஆய்வாளரிடம் போகலாம். அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

பிரிட்டன் வேறு வழியில் கோடு போட்டது. வயாகரா வந்ததும் செலவுக்கு அஞ்சிய அரசு, 1999-இல் நீரிழிவு, புராஸ்டேட் புற்றுநோய், தண்டுவடக் காயம், பார்க்கின்சன் போன்ற குறிப்பிட்ட நோய்கள் உள்ளவர்களுக்கு மட்டும் விறைப்புக் குறைபாட்டுச் சிகிச்சையைப் பொதுச் செலவில் தர முடிவெடுத்தது. வயாகராவின் பொதுப்பெயர் மருந்தான சில்டெனாஃபில் மலிவானதும் 2014-இல் அந்த மருந்துக்கு மட்டும் கட்டுப்பாடு தளர்ந்தது. வெற்றிடப் பம்பு அங்கே இன்னும் மருந்துச்சீட்டில் கிடைக்கிறது, நோய்ப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு.