விளக்கெண்ணெயில் பிறந்த நைலான்

ஆமணக்கெண்ணெயிலிருந்து நைலான் செய்யும் தொழில் பிரான்சில் தோன்றியது. அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் 1935இல் உருவாக்கிய நைலானுக்கு நிலக்கரித் தாரில் கிடைத்த பென்சீன் அடிப்படை. அவருடைய ஆய்வுகளைத் தொடர்ந்து, தான்-முல்யூஸ் வேதிப்பொருள் நிறுவனத்தின் ஜோசப் செல்ட்னர் 1938இல் ஆமணக்கெண்ணெயை நாடினார். போர்க்காலத்திலும் வேலை நிற்கவில்லை. 1949இல் நார்மண்டியின் செர்க்கினியில் ஆலை உற்பத்தி தொடங்கியது. ரில்சான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்தப் பொருள்தான் நைலான் 11.

கடலையெண்ணெயையோ நல்லெண்ணெயையோ கொண்டு இதைச் செய்ய முடியாது. ஆமணக்கெண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு ரிசினோலிக் அமிலம். அதன் 18 கார்பன் சங்கிலியில் 12ஆம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. அருகிலேயே ஓர் இரட்டைப் பிணைப்பு. எண்ணெயை மெத்தனாலுடன் வினைபுரியச் செய்து, கிடைக்கும் எஸ்டரை 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால், சங்கிலி 11ஆம், 12ஆம் கார்பன்களுக்கு இடையே அறுபடுகிறது. 7 கார்பன் துண்டான ஹெப்டனல் வாசனைத் திரவியத் தொழிலுக்குப் போகிறது. 11 கார்பன் துண்டு ஹைட்ரஜன் புரோமைடு, அம்மோனியா ஆகியவற்றுடன் வினைபுரிந்து அமினோ அமிலமாகி, பிறகு நைலானாகக் கோக்கப்படுகிறது. இயற்கை இந்தச் செடியில் வைத்த அமைப்பு, உண்மையிலேயே வியப்புக்குரியது.

நைலான் 11 ஈரத்தை அதிகம் உறிஞ்சாது. கடுங்குளிரிலும் எளிதில் உடையாது. லாரிகளின் ஏர் பிரேக் குழாய்களுக்கும் பெட்ரோல் குழாய்களுக்கும் அது பயன்படுவதற்குக் காரணம் இதுவே. செடியிலிருந்து வந்தாலும் அது மண்ணில் மக்காது. இதை மறைத்து அதைப் புகழ்வது சரியல்ல.

மூலப்பொருளான ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவினுடையது, அதிலும் குஜராத்தின் வறண்ட மாவட்டங்களுடையது. 1960களின் இறுதியில் அங்கே வந்த வீரிய ஒட்டு ரகம் விளைச்சலைக் கூட்டியது. முன்பு முன்னணியில் இருந்த பிரேசில் பின்தங்கியது. ரிசின் நச்சு இருப்பதால் ஆமணக்குப் புண்ணாக்கு மாட்டுக்கு ஆகாது. உரமாக வயலுக்கே திரும்புகிறது.

நைலான் 11க்குப் பெட்ரோலிய வழியில் வந்த நைலான் 12 வலுவான போட்டியாக இருந்தது. 2012 மார்ச்சில் ஜெர்மனியின் மார்ல் நகரில் அதன் மூலப்பொருள் ஆலை வெடித்துத் தீப்பற்றியதும், கார் தொழில் மாற்றுப் பொருளுக்கு அலைந்தது. நைலான் 11 மீது பார்வை திரும்பியது. 2022இல் சிங்கப்பூரின் ஜூராங் தீவிலும் அதற்கொரு பெரிய ஆலை இயங்கத் தொடங்கியது.