மளிகைக்காரர் வைத்த பள்ளிக்கூடம்: இங்கிலாந்தின் ரக்பி பள்ளி வரலாறு

கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன் டி.வி.யில் ஏதோ பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். "தாத்தா, ரக்பின்னா இந்த முட்டைப் பந்து ஆட்டம்தானே?" என்று கேட்டான். "ஆட்டம் பின்னால வந்தது கண்ணு. முதல்ல ரக்பின்னு ஒரு ஊர், அப்புறம் அந்த ஊர்ல ஒரு பள்ளிக்கூடம், அதுக்கப்புறம்தான் ஆட்டம்" என்றேன். பக்கத்தில் என் மகள் மலைப்பிரதேச உறைவிடப் பள்ளி ஒன்றின் வழவழப்பான விளம்பரப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அதில் "இங்கிலாந்து பப்ளிக் ஸ்கூல் மரபில்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கட்டணம் மட்டும் சிறிய எழுத்தில் இருந்தது. "அந்த மரபுன்னா என்னப்பா?" என்று அவள் கேட்டாள். அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னதை மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் ஒழுங்காக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பள்ளி என்ற சொல்

முதலில் நம் சொல்லைப் பார்ப்போம். தமிழில் பள்ளி என்றால் படுக்கை, துறவியர் உறைவிடம் என்றெல்லாம் பொருள் உண்டு. பாண்டிநாட்டுக் குன்றுகளில் சமணத் துறவியருக்கு வெட்டிக் கொடுத்த கற்படுக்கைகளை இன்றும் காணலாம். அந்த இடங்களில் எழுத்தும் கற்பிக்கப்பட்டதால் கல்விச்சாலைக்கே பள்ளி என்ற பெயர் நிலைத்தது என்பர். ஆக, தங்கிப் படிப்பது என்பது வெள்ளைக்காரன் வந்து நமக்குச் சொல்லிக் கொடுத்த சங்கதி அல்ல. அந்தப் படுக்கைகளை வெட்டிக் கொடுத்தவர்களில் வணிகர்களும் இருந்தார்கள். ரக்பி பள்ளியைத் தொடங்கியவரும் ஒரு வணிகர்தான். மளிகை வியாபாரியான எனக்கு இந்த வரலாற்றில் ஆர்வம் வந்ததற்கு அதுவே காரணம்.

மிளகு வணிகரின் உயில்

லாரன்ஸ் ஷெரிஃப் நடு இங்கிலாந்தின் வார்விக்‌ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்தவர். பிழைப்புக்காக லண்டன் போய் மளிகை வணிகம் செய்து முன்னுக்கு வந்தார். முதலாம் எலிசபெத், இளவரசியாக இருந்த காலத்திலேயே அவர் அரண்மனைக்குச் சரக்கு கொடுத்தவர். லண்டன் மளிகை வணிகர் சங்கத்திலும் பொறுப்பு வகித்தார். அந்தச் சங்கத்தின் முன்னோடி மிளகு வணிகர் குழு. அந்நாளில் ஐரோப்பாவுக்குப் போன மிளகில் பெரும்பகுதி நம் மலையாளக் கரையிலிருந்து போனதுதான்.

1567-இல் ஷெரிஃப் உயில் எழுதினார். ரக்பி, பக்கத்துக் கிராமமான பிரௌன்சோவர், சுற்றுவட்டார ஊர்கள் இவற்றின் பையன்களுக்கு இலவசமாக ஒரு பள்ளி. நான்கு ஏழை முதியவர்களுக்குத் தங்கும் விடுதி. ஊர்த் தேவாலயத்துக்கு எதிரே இருந்த தம் வீட்டையும் இதற்கென்றே ஒதுக்கினார். ரொக்கமாக 100 பவுண்டு என்று முதலில் எழுதியவர், சாவதற்குச் சில வாரங்களுக்கு முன் அதை 50 ஆக்கிவிட்டு, லண்டனுக்கு வெளியே தமக்கிருந்த 24 ஏக்கர் நிலத்தில் மூன்றிலொரு பங்கை, அதாவது எட்டு ஏக்கரைச் சேர்த்து எழுதினார். அப்போது அது வெறும் மேய்ச்சல் நிலம்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம் இது. ரொக்கம் கரைந்து போயிருக்கும். நிலமோ, லண்டன் நகரம் வளர வளர நகரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பழைய குத்தகைகள் முடிந்து புதிதாக எழுதியபோது வருமானம் பல மடங்கு உயர்ந்தது. லண்டனின் அந்தப் பகுதியில் இன்றும் ரக்பி தெரு என்று ஒரு தெரு இருக்கிறது.

ஆனால் தர்மச் சொத்து என்றால் வழக்கும் கூடவே வரும் போலிருக்கிறது. நிறுவனரின் உறவு வழியினர் உயிலை எதிர்த்து வழக்காட, ஏறக்குறைய நூறாண்டு இழுபறிக்குப் பின் 1667-இல்தான் பள்ளிக்குச் சாதகமாக இறுதித் தீர்ப்பு வந்தது.

வெடிமருந்தும் அகழியும்

1778-இல் தலைமையாசிரியராக வந்த தாமஸ் ஜேம்ஸ், ஈட்டன் பள்ளியில் படித்தவர். ஈட்டன் முறைகளை இங்கே புகுத்தினார். கட்டணம் செலுத்தித் தங்கிப் படிக்கும் வெளியூர்ப் பையன்கள் பெருகினார்கள்.

அடுத்து வந்த ஹென்றி இங்கிள்ஸ் காலத்தில், 1797 நவம்பரில், ஒரு கலகமே நடந்தது. ஒரு பையனிடம் வெடிமருந்து இருந்தது. கடைக்காரரிடம் வாங்கினேன் என்றான் பையன். நான் விற்கவே இல்லை என்றார் கடைக்காரர். பொய் சொன்னதாகப் பையனுக்குச் சவுக்கடி. ஆத்திரப்பட்ட பையன்கள் கடையின் கண்ணாடிகளை உடைத்தார்கள். அந்தக் கடைக்காரரும் மளிகைக்காரர்தான் என்பதை வெட்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்! நஷ்டத்தைக் கட்டுங்கள் என்று உத்தரவு வந்ததும், பையன்கள் தலைமையாசிரியரின் அறைக் கதவையே வெடி வைத்துப் பெயர்த்தார்கள். மேசை, நாற்காலி, புத்தகங்களைத் தீயிட்டுக் கொளுத்தினார்கள். படைவீரர்கள் வந்ததும், அகழி சூழ்ந்த ஒரு மேட்டில் ஏறிக்கொண்டு பாலத்தை மேலே இழுத்துக்கொண்டார்கள். வீரர்கள் பின்பக்கமாகத் தண்ணீரில் இறங்கிப் போய்ப் பிடித்தார்கள். கலகத்தில் முன்னின்ற வில்லோபி காட்டன் பிற்காலத்தில் தளபதியாகி இந்தியாவிலேயே பணியாற்றினார்.

அர்னால்டு செய்த மாற்றம்

ரக்பி என்றால் கல்வி வரலாற்றில் முதலில் வரும் பெயர் தாமஸ் அர்னால்டு. 1828 முதல், 1842-இல் காலமாகும் வரை தலைமையாசிரியர். முதலில் சமயமும் ஒழுக்கமும், அடுத்து நன்னடத்தை, அதற்கப்புறம்தான் அறிவுத்திறன் என்பது அவர் வகுத்த வரிசை. லத்தீனும் கிரேக்கமுமே படிப்பு என்றிருந்த இடத்தில் வரலாறு, கணிதம், பிரெஞ்சு ஆகியவற்றுக்கும் இடம் கொடுத்தார்.

அவருடைய முக்கியமான ஏற்பாடு, ஆறாம் படிவம் எனப்படும் உயர்வகுப்பு மாணவர்களிடம் மற்றவர்களை ஆளும் பொறுப்பை ஒப்படைத்தது. நம் பள்ளிகளில் சட்டையில் பட்டயம் குத்திக்கொண்டு வரிசையைச் சரிசெய்யும் மாணவர் தலைவர்களுக்கு மூலம் இந்த வழக்கம்தான். விடுதிவாரியாக மாணவர்களைப் பிரிக்கும் ஹவுஸ் முறையும் இத்தகைய பள்ளிகளில் வளர்ந்ததே.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சின்னப் பையன்கள் பெரியவர்களுக்கு எடுபிடி வேலை செய்ய வேண்டும்: ரொட்டி வாட்ட வேண்டும், அறை பெருக்க வேண்டும், கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டும். அர்னால்டு இதை ஒழிக்கவில்லை. நெறிப்படுத்தினால் போதும் என்று கருதினார். அவரிடம் படித்த தாமஸ் ஹியூஸ் 1857-இல் எழுதிய நாவல் பள்ளிக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. சின்னப் பையனை நெருப்பருகே பிடித்து வாட்டும் கொடுமையும் அதே நாவலில்தான் வருகிறது. 'ஆலிஸ்' கதை எழுதிய லூயிஸ் கரோல் 1840-களில் இங்கே மூன்றாண்டுகள் படித்தார். என்ன கொடுத்தாலும் அந்தக் காலத்தை மறுபடி வாழமாட்டேன் என்ற பொருளில் பின்னாளில் எழுதினார். 1961-இல் பம்பாயிலிருந்து போன பதின்மூன்று வயதுப் பையன் சல்மான் ருஷ்டியும், அந்நியன் என்று ஒதுக்கப்பட்டதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். புகழை மட்டும் எழுதிவிட்டு இதையெல்லாம் விட்டால் வரலாறு ஆகாது.

முட்டைப் பந்தும் கல்கத்தா ரூபாயும்

பேரன் கேட்ட ஆட்டத்துக்கு வருவோம். 1823-இல் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவர் விதியை மதிக்காமல் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார், ஆட்டம் பிறந்தது என்று பள்ளியில் கல்வெட்டே இருக்கிறது. சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், இந்தக் கதை முதன்முதலில் அச்சில் வந்தது 1876-இல். 1895-இல் பழைய மாணவர் சங்கம் விசாரித்தபோது நேரில் பார்த்த ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. ஆதாரம் உள்ள செய்தி வேறு: 1845-இல் மாணவர்களே உட்கார்ந்து ஆட்ட விதிகளை எழுத்தில் வடித்தார்கள். கல்வெட்டில் இருப்பதாலேயே எல்லாம் உண்மை ஆகிவிடாது என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

இந்த ஆட்டத்தோடு நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1870-களில் கல்கத்தாவில் ரக்பி பள்ளி முன்னாள் மாணவர்கள் உள்ளிட்டோர் ஒரு ஆட்டக் கழகம் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் கழகம் கலைந்தபோது, வங்கியிலிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்தார்கள். கைப்பிடிகள் நாகப்பாம்புகள், மூடியின் மேல் யானை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் ஆடிவரும் கல்கத்தா கோப்பை இதுதான்.

ஊர்ப் பையன்கள் எங்கே போனார்கள்?

இனி என் மனத்தை உறுத்திய விஷயம். உயில் எழுதியது யாருக்காக? ரக்பி ஊர்ப் பையன்களுக்காக. பள்ளிக்குப் பெயர் கூடியதும் வசதியான குடும்பங்கள் இலவசப் படிப்புக்காகவே அந்த ஊருக்குக் குடிவந்தன. லத்தீன் முன்பே படித்திருந்தால்தான் உள்ளே போக முடியும் என்ற நிலை வந்தது. செருப்புத் தைப்பவர் மகனும் ரொட்டிக் கடைக்காரர் மகனும் மெல்ல மெல்ல வெளியே நின்றார்கள். யாரும் உயிலைக் கிழிக்கவில்லை. யாரும் திருடவும் இல்லை. ஆனாலும் கொடுத்தவர் நினைத்த கைக்குப் பலன் போய்ச் சேரவில்லை.

1861-இல் அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்து, ரக்பி உட்பட ஒன்பது பெரும் பள்ளிகளை ஆராய்ந்தது. 1868-இல் பப்ளிக் ஸ்கூல் சட்டம் வந்தது. பப்ளிக் என்ற பெயர் நம்மைக் குழப்பும். எந்த ஊர்ப் பையனும் சேரலாம் என்பதால் வந்த பெயர் அது. பணம் இல்லாதவர்க்கு அந்தப் பொதுக் கதவு திறக்காது.

உள்ளூர்ப் பையன்களுக்கென 1878-இல் அதே நிதியிலிருந்து தனிப்பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு லாரன்ஸ் ஷெரிஃப் பள்ளி என்றே பெயர். முந்நூறு ஆண்டு கழித்து மளிகைக்காரருக்குப் பாதி நியாயம் கிடைத்தது என்பேன். நானூறாண்டு ஆண்கள் பள்ளியாக இருந்த ரக்பியும் மாறியது. 1970-களில் மேல்வகுப்புகளில் பெண்கள் சேர்ந்தார்கள். 1990-களில் முழு இருபாலர் பள்ளியானது. 2003-இல், வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்க அர்னால்டு பெயரில் ஒரு நிதியமும் உருவானது.

நமக்கு என்ன?

உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி ஆகிய நான்கையும் சமணர் நால்வகைத் தானம் என்பர். கல்வித் தானத்தில் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. யாருக்குப் போய்ச் சேருகிறது என்று தலைமுறைக்குத் தலைமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் வந்த நாமும் சங்கம் வைக்கிறோம், கல்வி நிதி திரட்டுகிறோம், சில இடங்களில் பள்ளியும் நடத்துகிறோம். அவை ஆரம்பித்தது சிறு சம்பளக்காரர் பிள்ளைகளுக்காக. இன்றைக்கு விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தெரிந்தவர் பிள்ளைக்கே உதவித்தொகை கிடைக்கிறதா, இட்லிக் கடை வைத்திருப்பவர் பிள்ளைக்கும் கிடைக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பேரேட்டைத் திறந்து பார்த்தால் நல்லது.

மகளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, மரபு மரபுன்னு போட்டிருக்கான். அந்த மரபோட முதல் பக்கத்துல கோட்டு, தொப்பி எதுவும் இல்ல. ஊர்ப் பிள்ளைங்க படிக்கணும்னு ஒரு மளிகைக்காரர் எழுதின உயில்தான் இருக்கு." பேரனை மலைக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதை அவளும் மாப்பிள்ளையும் முடிவு செய்யட்டும். அவன் எங்கே படித்தாலும், படிக்க வழியில்லாத இன்னொரு பிள்ளைக்கும் சேர்த்து அந்த ஆண்டுக் கட்டணம் கட்டுவது என்று நான் கணக்கு எழுதி வைத்துவிட்டேன்.