நியூற்றனுக்கு முன்னால் யார்?



கொஞ்ச நாளாக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இயக்க விதிகள் மூன்றையும் கண்டுபிடித்தது முஸ்லிம் அறிஞர்களாம், நியூற்றன் களவெடுத்து விட்டாராம். போன கிழமை தரம் 10 பிள்ளையொன்று அதை அப்படியே வகுப்பில் சொல்லிற்று. பிழை என்று நாங்கள் சொன்னதும் முகம் வாடிவிட்டது. முழுவதும் பிழையுமில்லை என்பதுதான் இதிலுள்ள சிக்கல். ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறோம்.

தள்ளுகிறவன் நிறுத்தினால் பொருளும் நின்றுவிடும் என்றார் கிரேக்கத்து அரிஸ்டோட்டில் (கி.மு. 384–322). கண்டி இராச்சியத்தில் எங்கள் முன்னோர் பலர் மடிகே பத்தவில் தவளம் மாடு ஓட்டியவர்கள். மாடு நின்றால் பொதியும் நின்றுவிடும். அவர்களைக் கேட்டிருந்தாலும் அரிஸ்டோட்டில் சொன்னதையே சொல்லியிருப்பார்கள். ஆனால் வில்லை விட்டுப் பறந்த அம்பை யார் தள்ளுகிறார்? காற்றுத்தான் பின்னாலிருந்து தள்ளுகிறது என்று சமாளித்தார் அவர்.

6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த கிறிஸ்தவ அறிஞர் பிலொப்போனஸ் இதை ஏற்கவில்லை. அரபு நூல்கள் இவரை யஹ்யா அந்நஹ்வீ என்கின்றன. காற்றுத்தான் தள்ளுமென்றால், கையால் எறியாமல் பின்னாலிருந்து காற்றடித்தே கல்லை அனுப்பலாமே என்று கேட்டார். எறிகிறவன் பொருளுக்குள் ஒரு சக்தியை ஏற்றிவிடுகிறான் என்பது அவருடைய முடிவு. அரிஸ்டோட்டிலின் பௌதிக நூலை அரபுக்குக் கொண்டுவந்த இஸ்ஹாக் இப்னு ஹுனைனும் கிறிஸ்தவர்தான். வாட்ஸ்அப் செய்தியில் இவர்கள் யாரும் இல்லை.

இப்னு சீனா (980–1037) தன் அஷ்ஷிஃபா நூலில், எறிந்த பொருளுக்குள் ஏறும் அந்தச் சக்தியை 'மைல்' என்கிறார். சாய்வு, நாட்டம் என்று பொருள். அது தானாகக் கரையாது, காற்றுப் போன்ற வெளித்தடைகளே அதைக் கரைக்கும். தடையே இல்லாத வெற்றிடத்தில் எறிந்தால் இயக்கம் முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். முதலாம் விதிக்கு எவ்வளவு கிட்ட வந்துவிட்டார் பாருங்கள்! ஆனால் இதிலிருந்து அவர் எடுத்த முடிவு வேறு: முடியாத இயக்கம் என்பது நடக்காத காரியம், ஆகவே வெற்றிடமே இருக்க முடியாது. வாசல் வரை வந்து திரும்பிவிட்டார்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மைல் என்பது பொருளை ஓட வைக்கும் ஒரு காரணம். நியூற்றனிடம் சீரான வேகத்தில் நேர்கோட்டில் ஓடுவதற்குக் காரணமே தேவையில்லை. வேகமோ திசையோ மாறுவதற்குத்தான் விசை வேண்டும். மாத்தளை பஸ்ஸில் சாரதி பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் முன்னுக்குச் சாய்வது யாரும் தள்ளியதால் அல்ல. பஸ்தான் வேகம் குறைகிறது, எங்கள் உடல் பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது. அதுதான் சடத்துவம். "எறிந்த பந்துக்குள் விசை இருக்கிறது" என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி இழக்கும் பிள்ளைகளைக் கண்டால் எங்களுக்குக் கோபம் வருவதில்லை. பெரிய மேதைகள் பல நூற்றாண்டுகள் நின்ற இடம் அது.

12ஆம் நூற்றாண்டு பக்தாதின் அபுல் பரகாத், யூதராகப் பிறந்து முதுமையில் இஸ்லாத்தைத் தழுவியவர். விழும் பொருளில் பாரம் மைலை மேலும் மேலும் சேர்ப்பதால்தான் வேகம் கூடுகிறது என்றார். உண்மையிலேயே பெரிய பாய்ச்சல் இது. ஆனால் செய்தியில் அவர் பெயரைப் போட்டு மூன்றாம் விதி என்று காட்டுவது வேறொன்று: இரு மல்லர்கள் இழுக்கும் வளையம். வளையம் அசையாவிட்டாலும் இருவரின் இழுப்பும் இருக்கத்தான் செய்கிறது என்பது அவர் சொன்னது. சரிதான், ஆனால் அங்கே இரண்டு விசைகளும் ஒரே பொருளில், அந்த வளையத்தில்தான் தாக்குகின்றன. அது சமநிலை. மூன்றாம் விதியில் தாக்கம் ஒரு பொருளிலும் மறுதாக்கம் மற்றப் பொருளிலும் இருக்கும்: மல்லன் வளையத்தை இழுக்கிறான், வளையம் மல்லனை இழுக்கிறது.

பிறகு 14ஆம் நூற்றாண்டில் பாரிஸின் புரிடான், 1638இல் கலிலியோவின் நூல், 1644இல் நேர்கோட்டை அழுத்திச் சொன்ன டெக்கார்ட்.

எங்கள் மலைநாட்டுக்கும் இதில் ஒரு ஓரம் உண்டு. 1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்ட ரொபர்ட் நொக்ஸ், 1679 ஒக்டோபரில் அநுராதபுரம் வழியாகத் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அடுத்த மாதமே லண்டனில் ரொபர்ட் ஹூக் என்பவர் நியூற்றனுக்குக் கடிதம் எழுதுகிறார்: கோளின் நேர்கோட்டு இயக்கத்தையும் சூரியனை நோக்கிய ஈர்ப்பையும் சேர்த்துப் பார்த்தால் என்ன? 1681இல் நொக்ஸின் இலங்கை நூல் வெளிவந்தபோது முன்னுரை எழுதியவரும் இதே ஹூக்தான். 1687இல் நியூற்றனின் பிரின்சிப்பியா வெளிவந்தது. நொக்ஸைப் பிடித்து வைத்திருந்த இரண்டாம் இராஜசிங்கன் காலமானதும் அதே வருடம். ஈர்ப்பு விதியில் தனக்கும் பங்குண்டு என்று நியூற்றனோடு சண்டை பிடித்தவர் அந்த ஹூக்.

அந்தப் பிள்ளைக்கு இதையெல்லாம் திங்கட்கிழமை சொன்னோம். கடைசியில் ஒன்றுதான் கேட்டது: "அப்ப இப்னு சீனா வெற்றிடம் இருக்குன்னு சொல்லியிருந்தா, சேர்?"

நாங்களும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.