வேட்டிக்கேற்ற மேலாடை

இது வேட்டியோடு அணியும் சட்டை, ஜிப்பா, துண்டு, கோட்டு ஆகியவற்றைக் குறிக்கும். நெசவுத் தொழில் நிறைந்த சேலம் மாவட்டம் எடப்பாடி வட்டாரத்தில் அன்றாடம் காண்பது வெள்ளை அரைக்கைச் சட்டைதான். வழக்கமான வேட்டிக்குப் பை கிடையாது. ஆகவே பணமும் கைபேசியும் வைக்கச் சட்டைப் பை பெரிதாக இருக்க வேண்டும். சட்டையை உள்ளே செருகும் வழக்கமில்லை. வேட்டியை மடித்துக் கட்டும்போது இடைஞ்சலாகாதபடி நீளமும் இடுப்புக்குச் சற்றுக் கீழே நிற்பது நல்லது.

வெள்ளைக்கு வெள்ளை எளிது என்பார்கள். உண்மையில் அதுவே கடினம். நீலம் போட்டு வெளுத்த சட்டை, பழுப்பேறிய பருத்தி வேட்டியைப் பழசாகக் காட்டிவிடும். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு வேட்டிக்குச் சந்தன நிறப் பட்டுச் சட்டையே பொருந்தும். கட்சிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை, வேட்டியின் கட்சி நிறக் கரையே எல்லாம் சொல்லிவிடும்.

ஆங்கிலேயர் காலத்தில் வக்கீல்களும் ஆசிரியர்களும் பஞ்சகச்ச வேட்டியின் மேல் கோட்டு அணிந்தனர். பாரதியின் கறுப்புக் கோட்டு பலர் அறிந்தது. ஸ்காட்லாந்தின் கில்ட் என்னும் இடுப்பாடைக்கோ, முன்புறம் தொங்கும் தோல்பையை மறைக்காதபடி கோட்டையே குட்டையாக வெட்டுவார்கள்.

மேலாடை எவ்வளவு பொருந்தினாலும் வேட்டிக்கே தடை விதித்த இடங்களும் உண்டு. 2014 ஜூலையில் உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன் வேட்டி அணிந்து வந்ததால் சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. அடுத்த மாதமே அத்தகைய தடையைக் குற்றமாக்கும் சட்டம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது.