யவனர் தேறலும் பெரெனிகேச் சுங்கச் சீட்டுகளும்

சங்ககாலக் கடல்வணிகத்தைப் பற்றிய பாடங்களில் யவனர் மதுவுக்குத் தவறாது ஓரிடம் உண்டு. புறநானூற்று 56ஆம் பாடலில் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் தந்த மணமிக்க தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித்தர அவன் மகிழ்ந்திருக்க வேண்டும் என்கிறார். (அங்குக் 'கலம்' என்பது மரக்கலமா, மதுச்சாடியா என்பது தனி விவாதம்.) இவ்வொரு பாடலைக் கொண்டு தமிழகமெங்கும் யவன மது பெருகியிருந்ததாக எழுதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஏற்றுமதித் துறைமுகத்தின் சான்றுகளையும் உடன்வைத்து நோக்கினால் இக்கருத்து நிலைபெறுவதில்லை.

செங்கடலின் மேற்குக் கரையிலிருந்த எகிப்தியத் துறைமுகம் பெரெனிகே. 1994இல் அங்குத் தொடங்கிய அகழாய்வுகளில், கி.பி. முதல் நூற்றாண்டுக் குப்பைமேட்டிலிருந்து கிரேக்க எழுத்துப் பொறித்த ஓட்டுச் சில்லுகள் பல கிடைத்தன. அவற்றுட் பல, சுங்க வாயிலில் இருப்போர்க்கு எழுதப்பட்ட அனுமதிச் சீட்டுகள். இன்னார் கொணரும் இத்தனை சாடிகளைச் செல்ல விடுக என்பதே அவற்றின் சாரம். அவற்றில் மிகுதியாகக் குறிக்கப்படும் சரக்கு மதுவே. இத்தாலிய மது, லவோதிக்கேய மது என ஊர்ப்பெயரால் வகையும் சுட்டப்படுகிறது. எனினும், வாயிலைக் கடந்த சாடிகள் அனைத்தும் இந்தியச் சந்தைக்கே வந்தன எனக் கொள்ளல் தகாது. மாதக்கணக்கில் கடலில் இருந்த மாலுமிகளும் மது அருந்தினர்.

இறக்குமதித் துறையின் நிலையைப் 'பெரிப்ளூஸ்' தெளிவாகக் கூறுகிறது. முசிறி, நெல்கிண்டா துறைகளில் இறங்கிய பொருள்களுள் முதலிடம் நாணயத்திற்கே. மது சிறிதளவே, பரிகசாவுக்குச் செல்லும் அளவே என்கிறது அந்நூல். பரிகசாவிலோ இத்தாலிய மது முதன்மையாகவும், லவோதிக்கேய, அரேபிய மதுக்கள் அடுத்தும் இறங்கின. அரசனுக்கென உயர்ந்த மது தனியே குறிக்கப்படுகிறது. முசிறிப் பட்டியலில் வரும் கோதுமையும் நாம் கருதத்தக்கது. உள்ளூர் வணிகர் அதனைப் பயன்படுத்தாமையால் கப்பலோடு தொடர்புடையோர்க்குப் போதுமான அளவே வந்ததாம். மதுவின் ஒரு பகுதியும் இவ்வாறே யவனர் தமக்கெனக் கொணர்ந்தது என்பது நம் கருத்து.

மிளகுக்கு விலையாக அமைந்தது நாணயமே. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்சை ஈர்த்துக்கொள்வதாகப் பிளினி குறைப்பட்டதும் அதனாலேயே. கீழைச் சரக்குகள் மீது ரோமப் பேரரசு விதித்த 25 விழுக்காட்டு இறக்குமதி வரியை 1985இல் பதிப்பிக்கப்பெற்ற முசிறிப் பாப்பிரசு காட்டுகிறது. அரசுக்குப் பெருவருவாய் ஈட்டியது திரும்பிவந்த சரக்கே. சென்ற மது அன்று.

இனி, அரிக்கமேட்டுச் சாடியோடுகள். 1945இல் வீலர் அகழ்ந்த பின்னர், இவ்வகை ஓடு எங்குக் கிடைப்பினும் 'ரோமானிய மது' என எழுதுவது எளிதாயிற்று. ஆனால் எலிசபெத் வில் ஆராய்ந்த அரிக்கமேட்டுச் சாடிகளுள் கோசுத் தீவு வகை மதுச்சாடிகளோடு, எண்ணெயும் மீன்சாறும் கொணர்ந்தவையும் இருந்தன. மேலும், இந்தியாவில் ரோமானியச் சாடிகள் எனக் கொள்ளப்பட்ட ஓடுகள் பல, உட்புறம் நிலக்கீல் பூசிய மெசொப்பொத்தேமியச் சாடிகளுடையவை என ரொபெர்டா டோம்பர் 2007இல் எடுத்துக்காட்டினார். ஆதலின் பழைய பட்டியல்களிலுள்ள எண்ணிக்கையை அவ்வாறே மாணவர்க்கு வழங்குதல் இனி இயலாது. நக்கீரர் பாடியதோ அரசன் ஒருவனது பொற்கலத்தை.