திண்டுக்கல்லில் கலைப் படிப்பும் தொழிற்படிப்பும்: வேலைவாய்ப்பின் வரலாறு

திண்டுக்கல் வட்டாரத்தில் 'எதைப் படித்தால் வேலை கிடைக்கும்' என்ற கேள்விக்கான விடை கடந்த 70 ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளது. பாடங்களின் தன்மையை விட, வேலை கொடுப்பவர் யார், அவர் எந்தச் சான்றிதழை ஏற்கிறார் என்பவையே அந்த விடையைத் தீர்மானித்து வந்தன.

விடுதலைக்கு முன்பு நிலைமை இன்றைக்கு நேர்மாறானது. எழுத்தர் போன்ற வேலைகளுக்குக் கலைப் பட்டமே போதுமானதாக இருந்தது. திண்டுக்கல்லின் புகழ்பெற்ற தொழில்நுட்பமான பூட்டுத் தொழிலும் தோல் பதனிடுதலும் பட்டறைகளில், கைப்பழக்கமாகக் கற்கப்பட்டன. அந்தத் திறமைக்குச் சான்றிதழும் இல்லை, அரசு வேலையும் இல்லை.

காந்திகிராமச் சோதனை

இந்தப் பிரிவினையை உடைக்கும் முயற்சி சின்னாளபட்டிக்கு அருகே நடந்தது. 1947-இல் காந்திகிராமத்தை நிறுவிய இருவரில் டி. எஸ். சௌந்தரம் மருத்துவர், ஜி. ராமச்சந்திரன் சாந்திநிகேதனில் பயின்றவர். இன்றைய மொழியில் சொன்னால் ஒருவர் அறிவியல் பிரிவு, மற்றவர் கலைப் பிரிவு.

கிராமங்களுக்கென்று தனி உயர்கல்வி வேண்டும் என்று ராதாகிருஷ்ணன் ஆணையம் (1948–49) பரிந்துரைத்திருந்தது. அதன் தொடர்ச்சியாக நடுவணரசு 1956-இல் தொடங்கிய ஊரக உயர்கல்வித் திட்டத்தில் காந்திகிராமமும் சேர்ந்தது. மூன்றாண்டு ஊரகப் பணிப் பட்டயப் படிப்பு அத்திட்டத்தின் மையம். குடிமைப் பொறியியல், வேளாண்மை, சுகாதார ஆய்வாளர் பயிற்சி ஆகியவையும் அதில் இடம்பெற்றன. காந்திகிராம மாணவர்கள் வகுப்பறையோடு நில்லாமல் சுற்றுப்புறக் கிராமங்களிலும் பணியாற்றினர். சமூக வளர்ச்சித் திட்டம் 1952-இல் தொடங்கி வட்டாரந்தோறும் பரவிக்கொண்டிருந்த காலம் அது. கிராம மேம்பாட்டுப் பணிக்கு ஆட்கள் தேவைப்பட்டனர்.

சிக்கல் சான்றிதழில் இருந்தது. வேலைவாய்ப்பு நோக்கில் அந்தப் பட்டயத்தை முதல் பட்டத்துக்குச் சமமாக நடுவணரசு ஏற்றது. ஆனால் சமம் என்று ஆணை சொல்வதும், விண்ணப்பப் படிவத்தில் 'பட்டம்' என்ற இடத்தை நிரப்புவதும் ஒன்றல்ல. பல ஊரக நிறுவனங்கள் காலப்போக்கில் வழக்கமான கல்லூரிகளாக மாறின. காந்திகிராமம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, தானே பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. அங்கு வளர்ந்த கூட்டுறவு, ஊரக வளர்ச்சிப் படிப்புகள் குறிப்பிடத்தக்கவை. கலைப் பிரிவில் வைத்து எண்ணப்பட்டாலும், அவை கூட்டுறவு வங்கி, தொண்டு நிறுவனம் போன்ற குறிப்பான வேலைகளை நோக்கியவை.

குரூப் என்னும் ஒருவழிப் பாதை

நகரில் ஜி.டி.என். கலைக் கல்லூரி 1964-இல் தொடங்கியது. எம்.வி. முத்தையா அரசு மகளிர் கல்லூரியும் அந்தப் பத்தாண்டில் வந்ததே. வெளியூர் விடுதியில் மகளைத் தங்கவைக்க மனமில்லாத, அல்லது வசதியில்லாத குடும்பங்களுக்கு உள்ளூர்க் கல்லூரி இருப்பதே பெரிய வாய்ப்பாக இருந்தது.

1978-இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தது. 1984-இல் தமிழகத்தில் தொழிற்படிப்புகளுக்குப் பொது நுழைவுத் தேர்வு தொடங்கியது. தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளும் அனுமதிக்கப்பட்டன. அதே ஆண்டில் திண்டுக்கல்லில் பி.எஸ்.என்.ஏ. பொறியியல் கல்லூரி உருவானது.

இதன் விளைவு கல்லூரி வாசலில் அல்ல, பதினோராம் வகுப்பில் தெரிந்தது. கணிதப் பிரிவில் படித்தவர் பின்னாளில் பி.ஏ. வரலாற்றிலும் சேரலாம். வரலாறு, வணிகவியல் குரூப் எடுத்தவருக்குப் பொறியியல் கதவு மூடப்பட்டது. கலைப் படிப்பு 'மார்க் குறைந்தவர்கள் போகும் இடம்' என்ற பெயரைப் பெற்றதற்கு அதன் வேலைவாய்ப்பை விட இந்த ஏற்பாடே பெரிய காரணம் எனலாம். பதினைந்து வயதில் எடுக்கும் முடிவு அது. பள்ளியில் எந்தக் குரூப் இருந்தது என்பதே சில கிராமப் பிள்ளைகளுக்கு அந்த முடிவை எடுத்துவிட்டது.

நுழைவுத் தேர்வு 2007-இல் நீங்கியது. 2010-இல் வந்த முதல் பட்டதாரி கட்டணச் சலுகை தொழிற்படிப்புகளுக்கானது. ஏழைக் குடும்பங்கள் பொறியியலை நோக்கி நகர அது துணைபுரிந்தது. பி.ஏ. சேர்ந்த முதல் தலைமுறையினருக்கு அந்தச் சலுகை இல்லை. 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024-இல் மாணவர்களுக்கென வந்த தமிழ்ப்புதல்வன் திட்டமும் கலைக் கல்லூரியில் சேர்வோருக்கும் மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றன.

மீண்டும் ஒரே வரிசையில்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1, குரூப் 2 தேர்வுகளில் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். அதனால் பொறியியல் படித்தவர்களும் பள்ளி வரலாற்றுப் பாடநூல்களை வாங்கிவைத்துப் படிக்கிறார்கள். நான்கு ஆண்டுக் கட்டணம் செலுத்திய பிறகு. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. தமிழ் வழியில் பி.ஏ. முடித்த மாணவிக்கு இது கைகொடுக்கிறது. ஆங்கில வழியில் பி.இ. முடித்தவருக்குக் கிடைப்பதில்லை. தனியார் துறைத் தொடக்க ஊதியத்தில் பொறியியலுக்கு உள்ள முன்னிலையை இது ஈடுகட்டாது.

ஆசிரியர் பணியிலும் எல்லை கலைந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள், அறிவியல், கணிதப் பின்புலமுள்ள பொறியியல் பட்டதாரிகள் பி.எட். சேரவும் வழிவிட்டன.