பாட்டுக் கட்டிய முன்சீப்

பாடுவதையே தொழிலாகக் கொண்டோர் ஒரு வகையினர். பகலெல்லாம் வேறொரு தொழில் பார்த்து, இரவில் விளக்கடியில் அமர்ந்து பாட்டுக் கட்டுவோர் மற்றொரு வகையினர். நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இவ்விரண்டாம் வகையினர்க்கு என்றும் குறைவிருந்ததில்லை. வேலை முடிந்து திரும்பியவர் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, தெரிந்த மெட்டொன்றில் தம் சொற்களைப் பொருத்திப் பார்க்கும் காட்சி நேயர்களுக்குப் புதிதன்று. சங்கீத வித்துவான்கள் இவர்களை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. புலவர்களோ யாப்பறியாதார் என்று ஒதுக்கிவிடுவர். ஆயினும், தமிழிசை வரலாற்றில் இவ்வகையினர் ஒருவர் பெற்றுள்ள இடம் சிறிதன்று. அவரே மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை.

தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் இவரால் வெளியிடப்பட்டது என்பதைப் பலரும் அறிவர். (ஆங்கிலப் பள்ளியில் படித்த எம்மனோர்க்கு அந்நூலின் பெயர்கூடப் பள்ளியை விட்ட பின்னரே தெரிய வந்தது, அது வேறு கதை.) அதற்கு ஓராண்டு முன்பு, 1878இல், 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' என்னும் இசைப்பாடல் தொகுதியை அவர் வெளியிட்டார் என்பதை அறிந்தோரோ சிலர்.

பிள்ளையவர்கள் 1826ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பமொன்றிற் பிறந்தவர். திருச்சி நீதிமன்றத்தில் அவர் முதலிற் பார்த்த வேலை பதிவுக் கட்டுகளைக் காப்பது. நம் வழக்கிற் சொன்னால் கிராணி வேலை. பின்னர் மொழிபெயர்ப்பாளரானார், அதன்பின் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக இருந்தார். மாயூரத்தில் மட்டும் 13 ஆண்டுகள். 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளைத் தமிழிற் சுருக்கி எழுதி அச்சிட்டவரும் அவரே. ஆங்கிலம் அறியாத வழக்காளிக்கும் விளங்க வேண்டும் என்று எழுதிப் பழகிய கை அது. அவர் பாட்டின் நடை எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்டால், இராகத்திலிருந்தன்று, இந்தத் தீர்ப்புக் கட்டுகளிலிருந்தே வந்தது என்பேன்.

அக்காலத் தஞ்சை நாட்டின் சங்கீத நிலையையும் சிறிது நோக்குவோம். தியாகராஜர் 1847இல் மறைந்தார். அவருடைய தெலுங்குக் கீர்த்தனைகள் சீடர் வழியாக ஊர்தோறும் பரவிக்கொண்டிருந்தன. தமிழ்க் கீர்த்தனைக்கும் பழைய வழியொன்று இருந்தது. சீர்காழியிற் பிறந்த முத்துத்தாண்டவரும், அவ்வூரிலேயே வாழ்ந்த அருணாசலக் கவிராயரும் (1711-1779) அவ்வழியை வகுத்தவர்கள். கவிராயரின் 'இராம நாடக'த்திற்குச் சொல் அவருடையது; இசையமைத்தவர்கள் அவரிடம் பாடம் கேட்டுவந்த கோதண்டராமையர், வெங்கடராமையர் என்னும் சட்டநாதபுரத்து இருவர். சொல் ஒருவருடையதாகவும் இசை மற்றொருவருடையதாகவும் இருப்பது சினிமாக்காரர் கொண்டுவந்த புதுமை என்று எண்ணுவோர் இதனை அறிதல் நன்று.

மாயூரத்தில் அந்நாளில் பெரியார் மூவர் ஒருங்கே இருந்தனர். ஒருவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இலக்கணக் கடல். இன்னொருவர் 'நந்தனார் சரித்திரம்' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். இசையறிவும் கதை சொல்லும் ஆற்றலும் மிக்கவர். மூன்றாமவர் நம் முன்சீப், இருவர்க்கும் நண்பர். முதல் இருவர்க்கும் இடையே தமிழ் இரண்டாகப் பிரிந்து நின்றது. நந்தனார் சரித்திரத்திற்குச் சிறப்புப்பாயிரம் கேட்டுப் பாரதியார் பலமுறை நடந்தும், அதில் இலக்கணப் பிழைகள் உண்டென்று மகாவித்துவான் காலம் கடத்தினார். பின்னர்ப் பாரதியார் பாடக் கேட்டு மனம் உருகிய பிறகே பாயிரம் தந்தார் என்பர். 1871இல் மகாவித்துவானிடம் மாணவராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர் பாரதியாரிடம் இசையும் பயின்று வந்தார். ஆசிரியர்க்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் அப்பயிற்சியை நிறுத்திக்கொண்டார். பாட்டு வேறு, தமிழ் வேறு என்று கற்றோரே எண்ணிய காலம் அது!

முன்சீப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. புலமை அவர்க்குப் பிழைப்பன்று, இசையும் பிழைப்பன்று. எந்த மடமும் எந்த ஜமீனும் அவருக்குப் படியளக்கவில்லை. ஆகவே பாடகர் பாட வேண்டிய அவசியமே இல்லாத பொருள்களை அவர் பாடினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனைக் கட்டுக்கோப்பை அவர் தொடவில்லை. அது ஊராரின் செவிக்குப் பழகியது. உள்ளே வைத்த பொருளே புதிது. கடவுள் வணக்கம் உண்டு. நெஞ்சுக்கு அறிவுரை உண்டு. அவற்றோடு உத்தியோகத்தில் இருப்போர் ஒழுக வேண்டிய முறையும், குடும்பத்தில் கணவனும் மனைவியும் நடக்க வேண்டிய முறையும் கீர்த்தனையாயின. கைக்கூலி வாங்குவோரை நேர்முகமாகவே கண்டித்தார். தீர்ப்பெழுதும் நாற்காலியில் இருந்தவர் இதைப் பாடினார் என்பதை மறத்தல் ஆகாது.

கடவுளைப் பாடும்போதும் அவர் ஒரு நுட்பம் செய்தார். தாம் கத்தோலிக்கராயிருந்தும், எச்சமயத்தாரும் தயக்கமின்றிப் பாடும்படி பொதுச் சொற்களையே எடுத்தாண்டார். இதனைச் சமயப் பொறையின் அடையாளமாகவே பலரும் புகழ்வர். இசைத் துறையிலும் இதனால் ஒரு விளைவு உண்டு. புராணக் கதையும் தலப்பெயரும் நீங்கிவிட்டமையால், பாட்டில் எஞ்சியது மனிதன் கடவுளிடம் நேரே பேசும் பேச்சு. பல்லவி மீண்டும் மீண்டும் வருவது. அது பேசுவது போல் இருந்தால்தான் இராகம் அறியாதவனும் இரண்டாம் முறை உடன்பாடுவான். ஈண்டு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அறிவுரை மிகுந்த இடங்களில் சில சரணங்கள் பாட்டாக இராமல் நியாய விசாரணையாகவே போய்விடுகின்றன. நாற்காலி அவரை முழுதும் விட்டுவிடவில்லை.

அவர் பாட்டுகளில் என் மனத்தைப் பெரிதும் ஈர்ப்பவை பஞ்சம் பற்றியன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. மாண்டோர் இலட்சக்கணக்கானோர். பிள்ளையவர்கள் அதற்கு முன்பே பதவியிலிருந்து விலகியிருந்தார். தம் கைப்பொருளைக் கொண்டு கஞ்சி வார்த்தார். அக்கொடையைக் கோபாலகிருஷ்ண பாரதியாரே கீர்த்தனையாற் புகழ்ந்தார். பசித்தோர் சார்பில் கடவுளிடம் முறையிட்டு முன்சீப்பும் பாடினார். அது புலவர் கற்பனையிற் பிறந்த பசியன்று. வாசலில் வந்து நின்ற பசி. கேட்டவர்களும் அதே பஞ்சத்தைக் கண்டவர்கள். அவ்வாண்டுகளில் சோறு தேடி இலங்கைக்கும், நாகப்பட்டினத் துறையிலிருந்து பினாங்குக் கரைக்கும் கப்பலேறியவர்கள் உண்டு.

இன்று தோட்டத்துத் திருவிழாவுக்குப் பாட்டெழுதும் இளைஞர் சினிமா மெட்டை எடுக்கிறார்கள் என்று பெரியவர்கள் சினப்பதைக் கேட்கிறோம். மெட்டை எடுப்பதில் இழுக்கொன்றுமில்லை. வேதநாயகம் பிள்ளையும் கீர்த்தனையின் கட்டுக்கோப்பைப் பிறரிடமிருந்தே பெற்றார். சினிமாவின் காதலையும் சேர்த்து எடுத்துக்கொள்வதே வருத்தம் தருவது. அறுப்புக் கத்தியும், லயத்து வீடும், விற்றுப்போன தோட்டமும் பாட்டுக்கு ஆகாதென்று யார் சொன்னார்?

பிள்ளையவர்கள் 1889இல் காலமானார். வித்துவான்கள் அவர் பாட்டுகளை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1941இல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று கூட்டிய தமிழிசை மாநாடும், 1943இல் சென்னையில் தோன்றிய தமிழிசைச் சங்கமும் மேடைக் கதவைத் திறந்த பின்னரே நிலை சிறிது மாறியது. அதற்குள் மற்றொன்று கைநழுவிப் போயிருந்தது. அக்காலப் பாட்டுப் புத்தகங்களில் பெரும்பாலும் இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயருமே தலைப்பில் இருக்கும். சுரக் குறிப்பு இராது. எனவே பிற்காலத்தார் பலர் தம் மனம் போனபடி இசை வகுத்துக்கொண்டனர்.

அவருடைய பஞ்சப் பாட்டுகளை மேடையிற் கேட்பது இன்றும் அரிது. ஆனால் கப்பலேறியவர்களின் வழிவந்தோர் நம்மிடையே இருக்கிறார்கள். பெட்டியும் மத்தளமும் இருக்கின்றன. எந்த மெட்டிற் பாடுவது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளலாம். சுரம் எழுதி வைத்தவர் எவரும் குறுக்கே வரப்போவதில்லை.